திரையில் ஓடிய 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை விரட்டிய கதை

எலி மூளையின் ஹிப்போகேம்பஸ் (நினைவாற்றலுக்கு முக்கியமான பகுதி) துண்டுகளில் மின்சமிக்ஞை பதிவு செய்யும் ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப். போன புதிதில் திரையில் நியூரானையே காணோம். சீரான ஒரு அலைதான் ஓடியது. 20 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கினால் அது 50 ஹெர்ட்ஸ், அதாவது சுவர் பிளக்கில் வரும் கரன்ட். நாங்கள் தேடிய சமிக்ஞையோ ஒரு மில்லிவோல்ட்கூடத் தேறாது.

"சுவிட்சை அணைச்சா போதாது, ஒவ்வொரு பிளக்கையும் பிடுங்கிப் பாரு," என்றார் அங்கே பிஎச்டி செய்யும் அக்கா. மைக்ரோஸ்கோப் விளக்கின் பவர் சப்ளையை ஃபாரடே கூண்டுக்கு (வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோகக் கூண்டு) வெளியே நகர்த்தியதும் அலை பாதியானது. கூண்டு, மேசை, மைக்ரோஸ்கோப் மூன்றின் எர்த் வயர்களையும் ஆம்ப்ளிஃபையரின் ஒரே முனையில் சேர்த்தோம். ஆளுக்கொரு பக்கம் எர்த் கொடுத்தால் அதுவே வளையமாகி இரைச்சலை இழுக்கும்.

மிச்சம் இருந்ததுதான் படுத்தி எடுத்தது. குற்றவாளி, துண்டுக்கு உப்புக்கரைசல் அனுப்பும் பம்ப். குழாயில் அறுபடாமல் ஓடும் உப்புநீர் நல்ல மின்கடத்தி. வெளியே இருக்கும் இரைச்சலைக் கூண்டுக்குள் கூட்டிவந்துவிடும். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றுவார்களே, அந்த டிரிப் செட்டின் சொட்டு அறையை நடுவில் பொருத்தினோம். நீர் சொட்டுச் சொட்டாக விழ, இணைப்பு அறுந்தது. கோடு படுத்துவிட்டது.

அப்புறமும் கோடு மெல்ல நகர்ந்தால் எர்த்தைக் குறை சொல்லாதீர்கள். துண்டு கிடக்கும் உப்புக்கரைசலில் மின்முனையாக முங்கியிருக்கும் வெள்ளிக் கம்பியின் குளோரைடு பூச்சு தேய்ந்திருக்கும். பிளீச்சில் ஊறவைத்து, சாம்பல் நிறம் ஏறியதும் கழுவி மாட்டுங்கள்.