இரவில் வீட்டுக்குள் ஆள் வந்தால்: யாழ்ப்பாணத்தில் குடியேற வருபவர்களுக்கு

கனடா, லண்டன், பாரிஸ் என்று 20, 30 வருடம் இருந்துவிட்டு, தாய் தகப்பனின் வீட்டைத் திருத்திக்கொண்டு யாழ்ப்பாணத்தில் குடியேற வருகிறவர்கள் பலர். வேலைக்காகவோ கலியாணம் முடித்தோ தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் இணைப்பு, மின்கட்டணப் பெயர்மாற்றம், வங்கிக் கணக்கு என்று எதைக் கேட்டாலும் ஊரில் பதில் சொல்ல ஆளுண்டு. "கள்ளன் வீட்டுக்குள் வந்தால் அடிக்கலாமா?" என்று கேட்டால் மட்டும் பதில் இரண்டு பக்கமாகப் போகும். "வீட்டுக்குள்ள வந்தவனை வெட்டினாலும் கேஸ் இல்லை" என்பார் ஒருவர். "கை வைச்சால் நீங்கள்தான் உள்ளுக்குப் போவீங்கள்" என்பார் பக்கத்தில் நிற்பவர். இரண்டையும் நம்பவேண்டாம். முதலாவதை நம்பினால் ஒரு உயிர் போகலாம், நீங்கள் மறியலுக்கு (சிறைக்கு)ப் போகலாம். இரண்டாவதை நம்பினால் பிள்ளைகளைக் காப்பாற்றவேண்டிய நேரத்தில் கை கட்டி நிற்பீர்கள்.

முதலில், வந்த நாட்டின் சட்டத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். இங்கிலாந்தில் 2013இல் செய்த திருத்தத்தின்படி, வீட்டுக்குள் புகுந்தவர்மீது பாவித்த பலம் சற்று அளவு மீறியிருந்தாலும், வெளிப்படையாக எல்லை கடந்ததாக இல்லாவிட்டால் வீட்டுக்காரருக்குத் தற்காப்பு வாதம் கிடைக்கலாம். கனடாவில் சூழ்நிலை முழுவதையும் வைத்து, செய்தது நியாயமானதா என்று பார்ப்பார்கள். அமெரிக்காவின் சில மாநிலங்களில் வீட்டுக்காரருக்கு இன்னும் கூடிய பாதுகாப்பு உண்டு. இவை எதுவும் இங்கே செல்லாது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் இங்குள்ள சட்டம் பழகியதுபோல இருக்கும். இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் 1883இல் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையை எழுதினான். அதன் 89 முதல் 99 வரையான பிரிவுகள்தான் இன்றைக்கும் தற்காப்புரிமையைத் தீர்மானிக்கின்றன.

அந்தப் பிரிவுகள் சொல்வது இதுதான். உங்கள் உடலையும் வேறு எவருடைய உடலையும் காக்க உங்களுக்கு உரிமை உண்டு. களவு, கொள்ளை, சேதம் விளைவித்தல், அத்துமீறி நுழைதல் ஆகியவற்றிலிருந்து உங்கள் சொத்தையும், மற்றவர் சொத்தையும்கூட, காக்க உரிமை உண்டு. அதற்கு 92ஆம் பிரிவு வரம்பு போடுகிறது. காப்பதற்கு எவ்வளவு தேவையோ அதற்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. பொலிஸ் போன்ற அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே எழாது. யாழ்ப்பாணத்தில் இந்த விடயத்தில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வரம்பை மறப்பதால் வருபவை.

வளவும் வீடும்

வெளிநாட்டு வீடுகளில் தெருவிலிருந்து நாலு அடி வைத்தால் வாசல்கதவு. இங்கே படலை, முற்றம், கிணற்றடி, பின்வளவு எல்லாம் தாண்டித்தான் வீடு. மதில் ஏறிக் குதித்தவன் இன்னும் உங்கள் வீட்டுக்குள் வரவில்லை, வளவுக்குள்தான் நிற்கிறான். சட்டத்துக்கு இந்த வித்தியாசம் பெரியது.

பகலில் ஒரு பொடியன் மதில் ஏறி மாங்காய் பிடுங்குகிறான், தேங்காய் பொறுக்குகிறான் என்று வையுங்கள். அது அத்துமீறல், களவும்தான். துரத்தலாம், பிடித்து நிறுத்தலாம், கையில் இருப்பதைப் பறிக்கலாம். கத்தியால் வெட்டினால் உங்களைக் காக்க எந்தப் பிரிவும் இல்லை.

இப்போது இரவு 2 மணி. பழைய ஓட்டு வீடு. குசினிக் கூரையில் ஓடு அரைபடும் சத்தம் கேட்கிறது. ஓட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சிலாகைக்கு நடுவால் ஒருவன் காலைக் கீழே விடுகிறான். ஊரில் பழைய காலத்திலிருந்தே கள்ளர் இறங்கும் வழி இது. யன்னல் கம்பியை வளைத்து வந்தாலும், பூட்டை உடைத்து வந்தாலும் கணக்கு ஒன்றுதான்: சூரியன் மறைந்தபின் வீடுடைத்து நுழைதல். 96ஆம் பிரிவு இதைத் தனியே சொல்லியிருக்கிறது. சொத்தைக் காக்கும்போது மரணம் விளையுமளவுக்கும் உரிமை நீளக்கூடிய நாலு சந்தர்ப்பங்களில் இது ஒன்று. மற்றவை கொள்ளை, ஆட்கள் வசிக்கும் அல்லது பொருட்கள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல், உயிர் போகும் அல்லது பெருங்காயம் ஏற்படும் என்று நியாயமாகப் பயப்படும்படி நடக்கும் களவு, சேதம் விளைவித்தல் அல்லது வீட்டத்துமீறல். கழுத்தில் கத்தி வைத்துத் தாலிக்கொடியைக் கேட்பது கொள்ளை. அது பகலில் நடந்தாலும் இந்த வகைக்குள் வரும்.

கவனியுங்கள்: "மரணம் விளையுமளவுக்கும்" என்பது கொல்ல அனுமதி கொடுப்பதாகாது. 92ஆம் பிரிவின் அளவு அந்த நேரத்திலும் உங்களுக்கு மேலே நிற்கிறது. கூரையால் இறங்கியவன் வெறுங்கையோடு, உங்கள் டோர்ச் வெளிச்சத்தைக் கண்டு மூலையில் குந்திவிட்டான் என்றால், அவனை அடித்துக் கொல்லவேண்டிய தேவை எங்கே இருக்கிறது? அலவாங்கோடு உங்கள்மேல் பாய்ந்தால் கதை வேறு. அந்த நொடியில் தராசு வைத்து நிறுக்க எவராலும் முடியாது. நீதிமன்றத்துக்கும் அது தெரியும். ஆனால் இரண்டாவது அடி, மூன்றாவது அடி, விழுந்தபின் போட்ட அடி என்று காயங்களைச் சட்டவைத்திய அதிகாரி ஒவ்வொன்றாக எழுதி வைப்பார். உங்கள் கதையை அந்த அறிக்கையோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள்.

நேரத்துக்கும் எல்லை உண்டு. இரவில் வீடுடைத்து வந்தவன் விடயத்தில், அவன் வீட்டுக்குள் நிற்கும்வரை உரிமை நீடிக்கிறது என்று 98ஆம் பிரிவு சொல்கிறது. அவன் வெளியே பாய்ந்து ஓடத் தொடங்கிவிட்டால் நிலைமை மாறிவிடும். உங்கள் பொருளோடு ஓடினால் பின்னால் போய்ப் பிடித்து மீட்கலாம். அதற்காக முதுகில் வெட்ட முடியாது.

நல்லெண்ணத்தோடு தொடங்கி, முன்கூட்டித் திட்டமிடாமல், தேவைக்கு மேல் போய் ஆள் இறந்துவிட்டால், 294ஆம் பிரிவின் விதிவிலக்கொன்று அதைக் கொலையிலிருந்து கீழே இறக்கும். அப்படி இறக்கினாலும் 20 வருடம்வரை மறியல் கிடைக்கக்கூடிய குற்றம் அது.

பிடித்த கள்ளனைக் கட்டிவைத்து அடிப்பது

இதைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லவேண்டும். பிடிபட்டவனைத் தென்னையிலோ மின்கம்பத்திலோ கட்டி, அயல்சனம் எல்லாம் கூடி அடிப்பது எங்கள் ஊர்களில் இன்னும் நடக்கிறது. புதிதாக வந்தவர்கள், சனத்தோடு சேர்ந்து நிற்காவிட்டால் ஊர் என்ன நினைக்குமோ என்று தாங்களும் ஒரு அடி போடுகிறார்கள். செய்யாதீர்கள். கட்டப்பட்டவனால் உங்களுக்கு ஆபத்து இல்லை. ஆபத்து இல்லாத இடத்தில் தற்காப்பும் இல்லை. அது தனிக் குற்றம். அவன் இறந்தால் அங்கே நின்று அடித்த எல்லோரும் கொலைச் சந்தேக நபர்கள். யாரோ ஒருவர் கைத்தொலைபேசியில் எடுத்த காணொளியே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும். பிடிபட்டவன் ஆள் மாறிப் பிடிபட்ட அப்பாவியாகவும், மனநோய் உள்ளவனாகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை.

சட்டம் உங்களுக்குக் கொடுப்பது பிடிக்கும் அதிகாரம். பிடியாணை இல்லாமல் கைதுசெய்யத்தக்க குற்றத்தை உங்கள் கண்முன்னே செய்பவரைத் தனியாள் எவரும் பிடிக்கலாம் என்று 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு சொல்கிறது. பிடித்தால் தாமதிக்காமல் பொலிஸிடம் ஒப்படைக்கவேண்டும். விடியும்வரை விசாரணை நடத்த உங்களுக்கு அதிகாரம் இல்லை.

கட்டிலுக்குக் கீழே என்ன வைக்கலாம்

வாள்வெட்டுச் செய்திகளை வாசித்துவிட்டு, தாங்களும் ஒரு வாள் செய்து வைக்கலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. வேண்டாம். வீட்டில் பொலிஸ் வாளைக் கண்டால் நீங்களும் சந்தேக நபர்தான். துவக்கு (துப்பாக்கி) வேண்டுமென்றால் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். வேலியைச் சுற்றி மின்சாரக் கம்பி இழுத்துவிடுவது எல்லாவற்றிலும் மோசம். கள்ளன் யார், பந்து எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை யார் என்று கம்பிக்குத் தெரியாது. உயிர் போனால் தற்காப்பு என்று சொல்லி நிற்க இடமில்லை.

நல்ல டோர்ச், கைக்கெட்டும் தூரத்தில் கைத்தொலைபேசி, வெளி லைற்றுக்கு அறைக்குள் ஒரு சுவிட்ச், உள்ளிருந்து பூட்டக்கூடிய படுக்கையறைக் கதவு. தற்செயலாக ஒரு பொல்லு மூலையில் இருந்தால் அதை யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. வயதான தாயைத் தனியே விட்டுவிட்டுத் திரும்பப் போகிறவர்கள் அவருக்கு ஒன்றை மட்டும் பழக்கிவிடுங்கள்: சத்தம் கேட்டால் வெளியே போய்ப் பார்க்கவேண்டாம், அறையைப் பூட்டிக்கொண்டு அழைப்பு எடுக்கட்டும். நகை போனால் போகட்டும். அயலட்டையில் நாலு வீட்டு இலக்கம் அவருடைய தொலைபேசியில் முதலாவதாக இருக்கவேண்டும்; பொலிஸ் வருவதற்கு முன் அவர்கள்தான் வருவார்கள்.

சீருடையில்லாமல் வந்து "பொலிஸ்" என்றால்

இந்த மண்ணில் இரவில் கதவு தட்டப்பட்டால் வரும் பயத்துக்குக் காரணம் உண்டு. அதை அனுபவித்தவர்களிடம் பயப்படாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. சட்டப்படி, கடமையை நல்லெண்ணத்தோடு செய்யும் அரச உத்தியோகத்தருக்கு எதிராக, உயிராபத்தோ பெருங்காயமோ வரும் என்று நியாயமாகப் பயப்பட இடமில்லாவிட்டால், தற்காப்புரிமை இல்லை. ஆனால் அவர் உத்தியோகத்தர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும், அல்லது நம்பக் காரணம் இருக்கவேண்டும். ஆகவே கதவைத் திறக்கமுன் யன்னலால் அடையாள அட்டையைக் கேளுங்கள். எந்தப் பொலிஸ் நிலையம் என்று கேளுங்கள். 119க்கு எடுத்து, அப்படி யாரையும் அனுப்பினார்களா என்று உறுதிசெய்யுங்கள். உண்மையான பொலிஸ் என்றால் கைகலப்பு வேண்டாம். பிழை இருந்தால் அதை மறுநாள் சட்டத்தரணியோடு கேட்கலாம்.

சம்பவம் நடந்துவிட்டால்

பொலிஸுக்கு 119, அம்புலன்சுக்கு 1990. காயப்பட்டவன் கள்ளனாக இருந்தாலும் 1990க்கு எடுங்கள். அது மனிதத்தன்மை, வழக்கிலும் உங்கள் நல்லெண்ணத்தைக் காட்டும். இரத்தத்தைக் கழுவாதீர்கள், கழற்றிய ஓட்டைத் திருப்பி வைக்காதீர்கள், அவன் கொண்டுவந்த ஆயுதத்தைத் தொடாதீர்கள்.

வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வடக்கு கிழக்கில் தமிழ் நிருவாக மொழி. எழுதியதை வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்து வையுங்கள். தற்காப்புக்காகச் செய்தேன் என்பதையும், எதைக் கண்டு எதற்குப் பயந்தீர்கள் என்பதையும் அந்த முதல் வாக்குமூலத்திலேயே சொல்லுங்கள். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவுப்படி, தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில்தான் இருக்கிறது. மாதம் கழித்து நீதிமன்றத்தில் முதல்முறையாகச் சொன்னால் பலம் குறைந்துவிடும்.

ஆள் இறந்திருந்தால், உங்கள் பக்கம் முழு நியாயம் இருந்தாலும், விளக்கமறியலில் இருக்கவேண்டி வரலாம். கொலைக் குற்றச்சாட்டில் நீதவானால் பிணை கொடுக்க முடியாது. 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டப்படி அதை மேல் நீதிமன்ற நீதிபதிதான் கொடுக்கலாம். ஆகவே சட்டத்தரணியை அன்றைக்கே பிடியுங்கள். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் வேறு யாராவது குடியிருந்தால்

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கள்ளனைவிட அதிகம் வருகிற பிரச்சினை இது. பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்ட உறவினர், வாடகைக்கு வந்து போகாமல் இருப்பவர், உறுதியை (காணிப் பத்திரத்தை)க் காட்டியும் வீட்டைவிட்டு எழும்பாதவர். "என்ர வீடு, நான் ஆளை எழுப்புவன்" என்று நாலு பேரோடு போகாதீர்கள். அவர்கள் அங்கே வருடக்கணக்காக இருக்கிறார்கள். அதிகாரிகளிடம் போக உங்களுக்குத் தாராளமாக நேரம் இருந்தது. எனவே தற்காப்புரிமை இங்கே எழாது. கைகலப்பு நடந்தால் அத்துமீறியவர் என்ற பெயர் உங்களுக்குத்தான் வரும். குடியிருப்பவரை எழுப்ப மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடவேண்டும்.

உங்களை யாராவது பலவந்தமாக வெளியேற்றிவிட்டார்கள், அல்லது வேலியைத் தள்ளிப் போட்டுக் காணியைப் பிடித்துவிட்டார்கள் என்றால், உடனே பொலிஸில் முறைப்பாடு போட்டு, 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்குக்குப் போகலாம். அங்கே உறுதி யாருடையது என்று பார்ப்பதில்லை, காணியை யார் வைத்து அனுபவித்துக்கொண்டிருந்தார் என்றுதான் பார்ப்பார்கள். வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருக்கவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் விடுமுறையில் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த இரண்டு மாதமும் போய்விடும்.