கிச்சன் மேடைக்கு லைட் போடப் போறீங்களா, இத பாத்துட்டு போடுங்க

நம்ம வீட்டு கிச்சன்ல டியூப்லைட் எப்பவும் முதுகுக்குப் பின்னாடிதான் இருக்கும், அதனால காய் நறுக்குற இடத்துல நம்ம நிழலே விழும். மேல் கபோர்டுக்கு அடியில ஒரு எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டினா போதும், வித்தியாசம் உடனே தெரியும்.

ஆனா நிறைய பேர் அத சுவர் ஓரமா ஒட்டிடறாங்க, அப்போ டைல்ஸ்தான் பளபளன்னு இருக்கும், மேடைக்கு வெளிச்சம் வராது. கபோர்டோட முன் விளிம்பு பக்கம் ஒட்டுங்க. நம்ம ஊர்ல முக்கால்வாசி கறுப்பு கிரானைட் தானே, வெறும் ஸ்ட்ரிப் போட்டா ஒவ்வொரு எல்இடி புள்ளியும் அதுல தெரிஞ்சு கண்ணு கூசும், அதனால பால் கலர் மூடி போட்ட அலுமினிய சேனல் வாங்கி அதுக்குள்ள ஒட்டுங்க, சூடும் இறங்கும், எண்ணெய்ப் பிசுக்க துடைக்கறதும் சுலபம். இதுல மட்டும் காசு பாக்காதீங்க.

வெளிச்சத்தோட கலர் 4000 கெல்வின் (ரொம்ப மஞ்சளும் இல்ல, ரொம்ப நீல வெள்ளையும் இல்ல), சிஆர்ஐ, அதாவது பொருளோட நிறம் எவ்வளவு சரியா தெரியும்னு சொல்ற எண், 90க்கு மேல இருக்கான்னு கேளுங்க, கீரை பழுத்திருக்கா இல்லையான்னு சரியா தெரியணும்ல. 12 வோல்ட் ஸ்ட்ரிப், மீட்டருக்கு 10 வாட்னா 3 மீட்டருக்கு 30 வாட், கரண்ட்ட 12 வோல்ட்டா மாத்தித் தர்ற அடாப்டர கொஞ்சம் கூடுதலா, குறைஞ்சது 36 வாட் எடுங்க, அத அடுப்பு, சிங்க் ரெண்டுக்கும் தள்ளி வைங்க. ஒட்டறதுக்கு முன்னாடி பிசுக்கு போக நல்லா துடைச்சு காய விடுங்க, இல்லன்னா கழண்டு தொங்கும். 230 வோல்ட் பக்கம் வயரிங் வேலைய எலக்ட்ரீஷியன்கிட்டயே விடுங்க.