ஜெர்மனியில் ஃப்ரைபெருஃப்லராகப் பதிவது எப்படி

ஜெர்மனியில் தனியாகத் தொழில் செய்வோரை வரிச் சட்டம் முக்கியமாக இரண்டாகப் பிரிக்கிறது: கெவெர்பெ எனும் வணிகம், ஃப்ரைபெருஃப் எனும் சுயேச்சைத் தொழில். வருமான வரிச் சட்டத்தின் 18ஆம் பிரிவு மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், பத்திரிகையாளர், மொழிபெயர்ப்பாளர் எனப் பலரைப் பெயர் சொல்லியே இரண்டாம் வகையில் வைக்கிறது. கலை, எழுத்து, அறிவியல், கற்பித்தல் பணிகளும் அதில் அடங்கும். இவர்களுக்குக் கெவெர்பெ பதிவும் வணிக வரியும் ஐ.எச்.கே. எனும் தொழில் வணிகச் சபையின் சந்தாவும் கிடையாது.

முதலில் எல்ஸ்டர் எனும் வரித்துறை இணையதளத்தில் கணக்கு தொடங்குங்கள். அதைத் திறப்பதற்கான குறியீடு வழக்கமாகத் தபாலில் வரும். தபால் பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். தொழில் தொடங்கி ஒரு மாதத்துக்குள் வரிப் பதிவுக் கேள்விப் படிவத்தை அனுப்ப வேண்டும்.

படிவத்தில் தொழில் விவரம் கேட்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஃபினான்ஸாம்ட் எனும் வரி அலுவலகம் பார்ப்பது நீங்கள் உண்மையில் செய்யும் வேலையை. ‘ஐடி சேவை’ என்று மொட்டையாக எழுதினால் கெவெர்பெயில் தள்ள வழி கொடுத்ததாகிவிடும். என்ன மென்பொருளை, எந்தப் பொறியியல் முறையில் வடிவமைக்கிறீர்கள் என்று எழுதி, பட்டச் சான்றையும் இணையுங்கள். பட்டம் இல்லாதவர்கள் படித்த பொறியாளருக்கு இணையான அகலமும் ஆழமும் தம் அறிவுக்கு உண்டென்று நிரூபிக்க வேண்டும், எளிதல்ல. கணினி விற்பதும் உரிமங்களை வாங்கி விற்பதும் வணிகம்தான். அவற்றுக்குத் தனி ரசீது, தனிக் கணக்கு வையுங்கள்.

கெவெர்பெ என்றே முடிவானாலும் பதற வேண்டாம். தனிநபருக்கு ஆண்டு லாபத்தில் 24,500 யூரோ வரை வணிக வரி இல்லை. அதற்கு மேல் கட்டுவதிலும் பெரும்பகுதி வருமான வரியில் கழியும்.

எதிர்பார்க்கும் லாபத்தை நேர்மையாக மதிப்பிடுங்கள். அதை வைத்தே மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் 10ஆம் தேதிகளுக்கான முன்வரி, அதாவது முன்கூட்டியே கட்டும் வருமான வரித் தவணை, நிர்ணயமாகும். குறைத்து எழுதினால் பின்னால் பாக்கியும் உயர்த்தப்பட்ட முன்வரியும் ஒரே நேரத்தில் கழுத்தை நெரிக்கும்.

சிறுதொழில் சலுகையைத் தேர்ந்தால் விற்பனை வரி வசூலிக்க வேண்டாம். 2025 முதல் இதற்கான விற்றுவரவு வரம்பு முந்தைய ஆண்டில் 25,000 யூரோ, நடப்பாண்டில் 1,00,000 யூரோ. தொடங்கும் ஆண்டிலோ 25,000ஐத் தாண்டிய உடனே சலுகை போய்விடும்.

தனியாகப் பாடம் நடத்துவோர் பலருக்கு ஓய்வூதியக் காப்பீடு கட்டாயம். தொழில் தொடங்கி மூன்று மாதங்களுக்குள் அந்தக் காப்பீட்டு அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள், தங்கள் தங்கும் அனுமதி சுயதொழிலுக்கு இடம் தருகிறதா என்பதைப் படிவம் அனுப்பும் முன்பே பார்த்துவிடுங்கள். வரி எண் கையில் இருப்பது அந்த அனுமதிக்கு ஈடாகாது.