மலைப்பாதையில் கியர் மாற்றுவது: வளைவுக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை

மேட்டுப்பாளையம் தாண்டி, மலையடிவாரக் கல்லாறு வரை பாக்குத் தோப்புகளுக்கு நடுவே தேர்டிலும் ஃபோர்த்திலும் சுகமாக வந்த கார், குன்னூர் மலை ஏறத் தொடங்கி முதல் கொண்டை ஊசி வளைவிலேயே திணறி ஆஃப் ஆகிவிடுகிறது. பின்னால் பஸ், அதன் ஹாரன், உள்ளே பதற்றம். தன் கை வேகம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வளைவிலிருந்து கியரை வெடுக்கென்று இழுக்க ஆரம்பிக்கிறார் புதிதாக ஓட்டுகிறவர். இந்த மலையில் நெடுங்காலமாக பஸ் ஓட்டுகிறவர்களின் இடது கையை ஒருமுறை கவனியுங்கள். அது நிதானமாகத்தான் நகரும். வளைவு கண்ணில் பட்டதுமே எந்த கியர் என்று முடிவாகிவிடுகிறது. ஸ்டியரிங் திரும்பும்போது கியர் வேலை முடிந்திருக்கும். வேகம் அங்கிருந்துதான் வருகிறது.

அந்தப் பழக்கத்தை எப்படி வரவழைப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். எல்எல்ஆர் மட்டும் வைத்திருப்பவர்கள் லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, முன்னும் பின்னும் ‘எல்’ போர்டு மாட்டிக்கொண்டுதான் சாலைக்கு வர வேண்டும்.

முதலில் கால், பிறகு கை

இந்தப் பாடம் சமதளத்துக்கானது. மேட்டுப்பாளையம் பக்கமே முடித்துக்கொள்ளுங்கள். மேலே சமதளம் தேட வேண்டியிருக்கும். கிளட்சை முழுதாக அழுத்தினாலும் முழங்கால் லேசாக மடிந்திருக்கும்படி சீட்டை நகர்த்திக்கொள்ளுங்கள். ஃபர்ஸ்ட் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் மெல்ல விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கொஞ்சம் இறங்கி, கார் நகரப் பார்க்கும். கிளட்ச் பிடிக்கும் இடம் அதுதான். காருக்குக் கார் அது மாறும். பெடலைப் பார்க்காமல், யோசிக்காமல் கால் அந்த இடத்தில் போய் நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

கைக்கான பயிற்சியை வீட்டு வாசலில், எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டே செய்யலாம். ஃபர்ஸ்ட், செகண்டுக்கு உள்ளங்கையைக் குமிழின் வலப்பக்கம் வைத்து இடதுபுறம் அழுத்தியபடி நகர்த்துங்கள். தேர்ட், ஃபோர்த்துக்குப் பக்கவாட்டில் எதுவும் செய்ய வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் லிவரைத் தானே நடுவுக்குக் கொண்டுவரும்; மேலே தள்ளினாலோ கீழே இழுத்தாலோ போதும். செகண்டிலிருந்து தேர்டுக்குப் போகிறவர்கள் லிவரை இறுக்கிப் பிடிப்பதால்தான் அது மறுபடி ஃபர்ஸ்ட் பக்கம் போய் முட்டுகிறது. ஃபிஃப்த்துக்கு மட்டும் உங்களை நோக்கி இழுத்து மேலே.

கார் ஓடுகையில் மாற்றினால், நியூட்ரலைக் கடக்கும்போது ஒரு நொடிக்கும் குறைவான சிறு தயக்கம் லிவரில் தெரியும். கியர் பெட்டிக்குள் சிங்க்ரோ வளையம் வேறு வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்களை உரசி ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிற நேரம் அது. லேசாக, சீராக அழுத்தம் கொடுத்தால் கியர் தானாக உள்ளே விழும். இடித்துத் தள்ளினால் அந்த வளையம்தான் தேயும்.

ஏற்றத்தில் மேல் கியர்

சமவெளிப் பழக்கம் இங்கேதான் காலை வாருகிறது. ஊரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றை எட்டியதும் தேர்டுக்கு மாற்றிப் பழகியிருப்பீர்கள். பல சிறிய பெட்ரோல் கார்களில் செகண்ட் கியரின் விகிதம் (கியர் பெட்டியின் வெளித்தண்டு ஒருமுறை சுற்ற எஞ்சின் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) சுமார் 1.9, தேர்டின் விகிதம் சுமார் 1.28. கணக்குப் போட்டால், 2,000-இல் மாற்றும்போது எஞ்சின் 1,350-க்கு இறங்கிவிடும். கிளட்ச் அழுத்திய அந்த நொடியில் ஏற்றம் வேறு வேகத்தைத் தின்றுவிடுகிறது. பிறகு கார் உதறாமல் என்ன செய்யும்? மலையில் 3,000-ஐ ஒட்டிப் போனபின் மாற்றுங்கள். 2,000-க்குப் பக்கத்தில் இறங்கி நிற்கும், வண்டி இழுக்கும். சுற்று காட்டும் மீட்டர் இல்லாத காரில் காதுதான் மீட்டர். எஞ்சின் சத்தம் கூடினால் பயப்படாதீர்கள். குறைந்த சுற்றில் முக்கவிடுவதுதான் அதற்குக் கெடுதல்.

மாற்றும் வரிசை: ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுப்பதும் கிளட்ச் அழுத்துவதும் ஒரே நேரத்தில். லிவர். கிளட்ச் பிடிக்கும் இடம் வரை சட்டென்று விட்டு, அங்கே கண்ணிமைக்கும் நேரம் நிறுத்தி, ஆக்சிலரேட்டர் கொடுத்தபடி மீதியை விடுங்கள். முன்னால் சாலை மறுபடி செங்குத்தாகத் தெரிந்தால் மேல் கியரே வேண்டாம், செகண்டிலேயே போங்கள்.

இன்னொரு விஷயம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் பலமும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். கீழே தேர்டில் ஏறிய அதே மாதிரி ஏற்றத்துக்கு மேலே செகண்ட் கேட்டால் காரில் கோளாறு என்று நினைக்காதீர்கள்.

கீழ் கியர், கொண்டை ஊசி வளைவில்

தேர்டிலிருந்து செகண்டுக்கு இறங்கும்போது, மேலே சொன்ன கணக்கு தலைகீழாகும். அதே வேகத்தில் 2,000-இல் இருந்த எஞ்சின் ஏறக்குறைய 3,000-இல் சுற்றியாக வேண்டும். கிளட்சைச் சும்மா விட்டால் அந்த வித்தியாசத்தைச் சக்கரங்கள் இழுத்து நிரப்பும். உள்ளே இருப்பவர்களின் தலை முன்னால் போய் வரும். அதனால் கிளட்ச் அழுத்தி, செகண்ட் போட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு சின்னத் தட்டு தட்டி, சத்தம் உயர்ந்த அந்தக் கணத்தில் கிளட்சை விடுங்கள். சரியாக அமைந்தால் கியர் மாறியதே தெரியாது. அந்தத் தட்டு எவ்வளவு என்று வாயால் சொல்லித்தர முடியாது, காதும் காலும் சேர்ந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதை வளைவுக்கு முந்தைய நேர்ப்பாதையிலேயே முடித்துவிடுங்கள். ஹாரன் அடித்து, மேலிருந்து வண்டி வருகிறதா என்று பார்த்து, கிளட்சிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டுத் திருப்புங்கள். வளைவின் நடுவில் கிளட்ச் அழுத்தினால் இழுவையும் போய்விடும், ஸ்டியரிங்கில் ஒரு கைதான் மிஞ்சும். இடதுபுறம் திரும்பும் வளைவுகளில் நமக்குக் கிடைப்பது உள்பக்கம். அது குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். அங்கே ஃபர்ஸ்ட் தேவைப்படலாம் என்று தோன்றினால் நடக்கும் வேகத்துக்குக் குறைத்து, முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வளைவுக்குள் போய்த் தேடினால் ஃபர்ஸ்ட் சுலபத்தில் விழாது.

ஏற்றத்தில் நின்றுவிட்டால் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். ஃபர்ஸ்ட், கிளட்ச் பிடிக்கும் இடம், கொஞ்சம் ஆக்சிலரேட்டர். காரின் முகம் லேசாக நிமிர்ந்ததும் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். ஹாஃப் கிளட்சிலேயே காரைத் தாங்கி நிறுத்துகிற வித்தையை யார் சொல்லிக் கொடுத்தாலும் பழகாதீர்கள். பர்லியார் தாண்டி டிராஃபிக்கில் வரும் அந்தக் கருகல் வாசனை பெரும்பாலும் இப்படித் தீய்ந்துபோகும் கிளட்ச் பிளேட்தான். முன்னால் நிற்கும் வண்டி பின்னால் உருளவும் இடம் விட்டு நில்லுங்கள்.

இறக்கம்

மலை டிரைவர்கள் சொல்வது ஒன்றுதான்: ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள், எஞ்சினே காரைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் உருட்டினால் முழு எடையும் பிரேக் மேல் விழும். பேட் சூடேறிப் பிடிப்பு குறையும், பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போகும். பெட்ரோல் மிச்சம் என்ற கணக்கும் தப்பு. இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில் கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருள் நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓட எரிபொருள் செலவாகும். எஞ்சினை அணைத்து இறங்குவது இன்னும் ஆபத்து: பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசை போய்விடும்.

மழையிலும் பனிமூட்டத்திலும் கிளட்சை இன்னும் மெதுவாக விடுங்கள். ஈரச் சாலையில் கீழ் கியரில் படாரென்று விட்டால் சக்கரம் வழுக்கும். அகலம் போதாத இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, சட்டமும் அப்படித்தான் சொல்கிறது, ஒதுங்கி நில்லுங்கள். ஊட்டிக்கும் மசினகுடிக்கும் நடுவே 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிப் பாதையைக் கற்றுக்கொள்ளும் நாட்களில் தொடவே வேண்டாம். குன்னூர் பாதையின் 14 வளைவுகள் பழகப் போதும்.

சரிவில் நிறுத்தும்போதும் கியருக்கு வேலை இருக்கிறது. கார் மேல்நோக்கி நின்றால் ஃபர்ஸ்ட், கீழ்நோக்கி நின்றால் ரிவர்ஸ். கூடவே ஹேண்ட் பிரேக். சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வைத்த கல்லைக் கிளம்பும்போது மறக்காமல் ஓரமாக எடுத்துப் போடுங்கள், இருட்டில் பைக்கில் வருகிறவருக்கு அது தெரியாது.