கான்கிரீட் போட்டப்புறம் யோசிச்சு புண்ணியமில்ல: மூணு தலைமுறைக்கு வீடு கட்டுறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்க வீட்டுக்கு பிளான் போட்டப்போ அப்பாவுக்கு 61 வயசு, மாடிப்படியை ரெண்டு ரெண்டா தாவி ஏறுவார். அதனால மாடியில நல்லா காத்து வர்ற ரூமை அவருக்கும் அம்மாவுக்கும் ஒதுக்கிட்டு, கீழ் ரூமை ஆஃபீஸ் ரூமாக்கிட்டோம், கீழ பேருக்கு ஒரு பாத்ரூம், அதுவும் படிக்கட்டுக்கு அடியில, கதவு 24 இன்ச். அஞ்சே வருஷம்தான். முட்டி ஆபரேஷன் முடிஞ்சு வாக்கரோட வந்து நிக்கிறார், அந்தக் கதவுல வாக்கர் நுழையல. வாக்கரை வெளியவே விட்டுட்டு ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் பின்னாடி நின்னு அவரை உள்ள கூட்டிட்டுப் போறதுக்குள்ள அவருக்கே அழுகை வந்துடுச்சு. ரெண்டு மாசம் ஹால்லதான் கட்டில்.

அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க யாராவது பெரியவங்க சின்னவங்கன்னு எல்லாரும் சேர்ந்து இருக்க வீடு கட்டப்போறேன்னு சொன்னா நான் கேக்குற முதல் கேள்வி, வீடு முடிஞ்சு பத்து வருஷம் கழிச்சு யாருக்கு என்ன வயசு? ஒரு பேப்பர்ல எல்லார் பேரையும் எழுதி பக்கத்துல வயசோட 10 கூட்டி எழுதுங்க, அப்புறம் 20 கூட்டி எழுதுங்க. 55 வயசு அம்மா 75 ஆயிடுவாங்க, 3 வயசு வாண்டு 23 ஆயிடும், அட நமக்கே 55 வந்துடும். நாம பண்ற பெரிய தப்பு, இன்னைக்கு இருக்கற ஆளுங்களுக்கு வீடு கட்டுறதுதான். பெயின்ட், லைட்டு, மாடுலர் கிச்சன் எல்லாம் எப்ப வேணா மாத்திக்கலாம். கதவு அகலம், பேஸ்மென்ட் உயரம், பாத்ரூம் ஸ்லாப், பைப் போற வழி இதையெல்லாம் கான்கிரீட்டுக்கு முன்னாடி முடிவு பண்ணலன்னா அப்புறம் உடைக்கத்தான் வேணும்.

கதவுலேயே ஆரம்பிக்கிறேன், ஏன்னா இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. "36 இன்ச் கதவு"ன்னு சொன்னா வேலை செய்யறவங்க ஃப்ரேமோட வெளி அளவை 36ன்னு எடுத்துப்பாங்க. மர ஃப்ரேமோட ரெண்டு பக்கச் சட்டத்தோட கனமும் போக உள்ள கிடைக்கிறது 30 இன்ச் சொச்சம், தொறந்து நிக்கிற கதவோட கனம் வேற அதுல கொஞ்சம் தின்னுடும். சாதாரண வீல்சேர் 25லேர்ந்து 27 இன்ச் வரைக்கும் அகலம் இருக்கும், தள்ளுற கை வேற வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், அதனால கதவு முழுசா தொறந்தப்புறம் உள்ள சுத்தமா 32 இன்ச்சாவது வேணும். அந்த அளவை பிளான்லேயே "உள் அளவு"ன்னு எழுதி வாங்கிக்கங்க, பாத்ரூம் கதவுக்கும் சேர்த்து. பாத்ரூம்தானேன்னு அதுக்கு மட்டும் சின்ன கதவு வெக்கிறது என்ன லாஜிக்னு எனக்கு இன்னும் புரியல, வாக்கர் முதல்ல போய் நிக்கப்போற இடமே அதான். ரூமுக்குள்ள எங்கயாவது ஒரு இடத்துல 5 அடிக்கு 5 அடி காலியா இருந்தா வீல்சேரை முழுசா திருப்பலாம்.

கீழ்த்தளத்துல ஒரு பெட்ரூமும் குளிக்கிற வசதியோட ஒரு முழு பாத்ரூமும் கட்டாயம் வேணும், இதுல பேரம் கிடையாது. இப்ப யாருக்கும் தேவையில்லன்னா குழந்தைங்க படிக்கிற ரூமா, கெஸ்ட் ரூமா இருந்துட்டுப் போகட்டும். பெரியவங்களுக்கு மட்டும்னும் நினைக்காதீங்க, பிரசவம் முடிஞ்சு வர்றவங்க, கால் உடைச்சுக்கிட்டு வர்ற காலேஜ் பையன் எல்லாருக்கும் அந்த ரூம்தான்.

பாத்ரூம் பத்தி கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், வயசானவங்க வழுக்கி விழறது அங்கதான் ஜாஸ்தி. கதவு உள்பக்கமா தொறக்கற மாதிரி வெக்காதீங்க. உள்ள யாராவது விழுந்துட்டா அவங்க உடம்பே கதவை அடைச்சுக்கும், காப்பாத்தப் போறவங்க தள்ளத் தள்ள அவங்களுக்குத்தான் அடி படும். வெளிப்பக்கம் தொறக்கணும், இல்லன்னா ஸ்லைடிங், தாழ்ப்பாளும் அவசரத்துக்கு வெளியிலேர்ந்து திறக்கற மாதிரி. அடுத்து வாசல்ல கட்டுற குட்டிச் சுவரு, தண்ணி வெளிய வராம இருக்க ரெண்டு மூணு இன்ச் உயரத்துல வெப்பாங்களே, அது கால் தடுக்கறதுக்குன்னே கட்டின மாதிரி இருக்கும். அது வேண்டாம்னா பாத்ரூம் ஸ்லாபை முன்னாடியே தேவையான அளவு இறக்கிப் போட்டு, தரையில அடிக்கு கால் இன்ச் சரிவு குடுத்து, நீளமான சேனல் டிரெய்ன், அதாவது தண்ணி இறங்கற மூடி போட்ட குட்டி வாய்க்கால், வெக்கணும். ஸ்லாப் போட்டப்புறம் இதைக் கேட்டா கான்ட்ராக்டர்கிட்டேர்ந்து "முடியாது சார்"னுதான் பதில் வரும், அவரு சொல்றதும் சரிதான்.

டைல்ஸ் வாங்கறப்போ கடையில ஆர்10, ஆர்11னு சொல்வாங்க, நாமளும் தலையாட்டிட்டு வந்துடுவோம். அந்த ஆர் நம்பர் ஷூ போட்டு நடந்தா எவ்ளோ வழுக்கும்னு பண்ற டெஸ்ட். ஈரத்துல வெறுங்காலோட நடக்கறதுக்கு ஏ, பி, சின்னு தனி கிரேடு இருக்கு, அதுல சிதான் பிடிப்பு அதிகம், குளிக்கிற இடத்துக்கு குறைஞ்சது பி கேளுங்க. தெரியாத கடைக்காரர் முழிப்பார், பரவாயில்ல, சாம்பிள் ஒண்ணை வாங்கிட்டு வந்து சோப்புத் தண்ணி ஊத்தி காலை வெச்சுப் பாருங்க.

பிடிச்சுக்கற கம்பி. டவல் ராடை பிடிச்சு எழுந்திருக்கற பெரியவங்களைப் பார்த்திருப்பீங்க, அது ஒரு நாள் கையோட வந்துடும். கிராப் பார்ங்கறது 110 கிலோவுக்கு மேல தாங்கணும், அதுக்கு பின்னாடி சுவரு அந்த பலத்தோட இருக்கணும், எடை குறைஞ்ச பிளாக்கோ ஜிப்சம் பார்ட்டிஷனோ இருந்தா அந்த இடத்துல மட்டும் பலமான சுவரோ உள்ள ஒரு பலகையோ முன்னாடியே குடுக்கணும். கம்பியை இப்பவே மாட்டணும்னு இல்ல, இடத்தை ரெடி பண்ணி வெச்சா போதும், தரையிலேர்ந்து 33 டு 36 இன்ச் உயரத்துல. பூசறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவரையும் பக்கத்துல டேப்பை நீட்டி வெச்சு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, பின்னாடி எங்க டிரில் போட்டா பைப் ஓட்டையாகும்னு தெரியும். நான் எடுக்கல. ஒரு கம்பி மாட்டப்போய் ரெண்டு டைல்ஸை உடைச்சோம்.

சுடுதண்ணி விஷயத்தை யாருமே யோசிக்கறதில்ல. டேங்க்ல 60 டிகிரியில இருந்தாதான் கிருமி வளராது, ஆனா அதே 60 டிகிரி நேரா தோல்ல பட்டா சில நொடியில வெந்துடும், குழந்தைக்கும் வயசானவங்களுக்கும் தோல் மெலிசு, இன்னும் சீக்கிரம். அதனால டேங்க்ல சூட்டைக் குறைக்கறதை விட குழாய்க்கு முன்னாடி, பச்சைத் தண்ணியைக் கலந்து சூட்டை ஒரே அளவுல வெக்கற தெர்மோஸ்டாட் மிக்ஸிங் வால்வு ஒண்ணு போட்டு 49 டிகிரிக்கு மேல வராம பண்ணிடலாம், சின்ன செலவுதான்.

இந்த இடத்துல வீட்ல ஒருத்தராவது "இதெல்லாம் வெச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்"னு சொல்வாங்க. எங்க அம்மாவே சொன்னாங்க. ரொனால்ட் மேஸ்னு ஒரு அமெரிக்க ஆர்க்கிடெக்ட் இருந்தார், 9 வயசுல போலியோ வந்து வீல்சேர்ல வாழ்ந்தவர், எல்லாருக்கும் பொதுவான டிசைன்ங்கற அர்த்தத்துல "யுனிவர்சல் டிசைன்"ங்கற வார்த்தையை பிரபலமாக்கினவர், 1997ல வட கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டியில அவரும் இன்னும் சில பேரும் சேர்ந்து அதுக்கு ஏழு விதி எழுதினாங்க. சாரம் இதுதான்: உடம்பு முடியாதவங்களுக்குன்னு தனியா ஒண்ணு ஒட்ட வெக்காம, முதல்லேர்ந்தே எல்லாரும் யூஸ் பண்ற மாதிரி பண்ணிட்டா அது கண்ணுக்கே தெரியாது. அகலமான கதவுல குழந்தையோட தள்ளுவண்டியும் போகும், சோஃபாவும் போகும், அதைப் பார்த்து யாரும் ஆஸ்பத்திரின்னு சொல்லமாட்டாங்க.

வெளிய வந்தா ரேம்ப். கணக்கு ஈஸி, ஒரு இன்ச் உயரத்துக்கு 12 இன்ச் நீளம். பேஸ்மென்ட் ஒன்றரை அடி உயரம்னா ரேம்ப் 18 அடி, மூணு அடின்னா 36 அடி, அதுவும் நடுவுல இளைப்பாற ஒரு சமதளத்தோட. மனையில அவ்ளோ இடம் இருக்கா? இருக்காது. அதனாலதான் நிறைய வீட்ல பைக் ஏத்தற செங்குத்து சரிவை கட்டிட்டு அதை வீல்சேர் ரேம்ப்னு சொல்றாங்க, அதுல ஏத்தினா தள்ளுறவர் மூச்சு முட்டுவார், இறக்கினா வீல்சேர் நம்மளை இழுத்துட்டுப் போகும். மழைத்தண்ணிக்கு பயந்து பேஸ்மென்ட்டை உயர்த்தறது நியாயம்தான், ஆனா எவ்ளோ உயரம்னு முடிவு பண்ற அன்னைக்கே ரேம்ப்பையும் வரைஞ்சு பாத்துடணும். வீட்டுக்குள்ள அழகுக்கு ஒரு படி இறக்கி ஹால் போடுறதை பத்தி ஒரே வார்த்தை, வேண்டாம்.

படிக்கட்டுல ஒரு நுணுக்கமான தப்பு இருக்கு. கான்கிரீட் போடறப்போ எல்லாப் படியும் 6 இன்ச் சமமாத்தான் இருக்கும், அப்புறம் தரையில ஒரு கனத்துல டைல்ஸ், படியில வேற கனத்துல கிரானைட்னு போட்டதும் முதல் படியும் கடைசிப் படியும் மட்டும் உயரம் மாறிடும். கால் ஒரு தாளத்துல ஏறிக்கிட்டு இருக்கும், அந்த ஒரு படியில தாளம் தப்பும். ஃபுளோரிங் கனத்தை முன்னாடியே சொல்லிட்டா இது வராது. கைப்பிடி ரெண்டு பக்கமும் வேணும். கம்பிங்க நேரா நிக்கணும், நடுவுல 4 இன்ச்சுக்கு மேல சந்து விட்டா குழந்தை தலையை விட்டுக்கும், படுக்கவாட்டுல போட்டா ஏணி மாதிரி ஏறிடும். லிஃப்ட் இப்ப வேண்டாம்னாலும் ஒவ்வொரு மாடியிலயும் ஒண்ணுக்கு நேர் மேல ஒண்ணா 5 அடிக்கு 5 அடி ஸ்டோர் ரூம் விட்டு, சுத்தி பீம் குடுத்து, பின்னாடி அந்த ஸ்லாபை மட்டும் வெட்டி எடுக்கற மாதிரி ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட சொல்லி வெச்சுடலாம்.

இது வரைக்கும் உடம்பு பத்தி சொன்னது. மூணு தலைமுறை ஒரே வீட்ல இருந்தா மனஸ்தாபம் வர்றதுக்கு பெரிய காரணம் என்னைக் கேட்டா சத்தம்தான். தாத்தா காலைல 4 மணிக்கு எழுந்துடுவார், பேரன் ராத்திரி 1 மணிக்கு படுப்பான், கைக்குழந்தைக்கு நேரமே கிடையாது. இவங்க மூணு பேருக்கும் ஒரே சுவரு பொதுவா இருந்தா எப்படி? ரெண்டு பெட்ரூமுக்கு நடுவுல வார்ட்ரோபோ பாத்ரூமோ வர்ற மாதிரி பிளான் பண்ணுங்க. மேல் பாத்ரூம் டிரெய்ன் பைப் கீழ் பெட்ரூம் சீலிங்ல போனா ஒவ்வொரு ஃப்ளஷ்ஷும் கீழ படுத்திருக்கறவங்க காதுக்குள்ள கேக்கும். கதவு அடியில அரை இன்ச் சந்து இருந்தா போதும், எவ்ளோ கெட்டியான சுவரு கட்டினாலும் பேசறது அது வழியா வந்துடும், மருமகளும் மகனும் சண்டை போட்டாலும் சமாதானம் ஆனாலும் அது ஹாலுக்கு கேக்கணும்னு என்ன தலையெழுத்து.

இதுக்கு நேர் எதிர்த் தப்பு ஒண்ணு இருக்கு, பெரியவங்களுக்கு அமைதி வேணும்னு அவங்க ரூமை கடைசி மூலையில தள்ளுறது. அமைதி கிடைக்கும், ஆனா யார் வந்தா யார் போனான்னு தெரியாது, பேசக்கூட ஆள் இருக்காது. கதவைத் திறந்தா வீட்டு நடமாட்டம் தெரியணும், மூடினா தனி உலகமாகணும், அப்படி ஒரு இடத்தைத் தேடுங்க. ஜன்னலோட அடி உயரத்தை கொஞ்சம் குறைச்சா உட்கார்ந்துக்கிட்டே வெளிய பார்க்கலாம், குழந்தைங்களுக்காக கம்பி மட்டும் மறக்காதீங்க. அவங்க ரூம்ல ஒரு சின்ன சிங்க்கும் பிளக் பாயின்ட்டும் இருந்தா விடியக்காலைல ஒரு டம்ளர் சுடுதண்ணிக்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்ல.

வெளிச்சம் பத்தி சுருக்கமா. 60 வயசுக் கண்ணுல விழித்திரைக்கு போய்ச் சேர்ற வெளிச்சம் 20 வயசுல இருந்ததுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குதான், அதனால உங்களுக்கு போதும்னு தோணுற லைட் அப்பாவுக்கு போதாது. ஒரே லைட்டை ரெண்டு இடத்துலேர்ந்து போட்டு அணைக்கற மாதிரி கட்டில் பக்கத்துல டூ-வே ஸ்விட்ச், கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் தரையோட தாழ்வா நைட் லைட். பிளக் பாயின்ட்டை தரையிலேர்ந்து 18 இன்ச்சுக்கு கீழ வெச்சா குனிய முடியாது.

பணம் யார் எவ்ளோ போடுறாங்க, பத்திரம் யார் பேர்ல, லோன் யார் கட்டுறதுங்கறதை அஸ்திவாரத்துக்கு முன்னாடியே எழுதி வெச்சுடுங்க, கூச்சப்படாதீங்க. அதே மாதிரி எல்லாரையும் ஒண்ணா உக்கார வெச்சு "உங்களுக்கு என்ன வேணும்"னு கேக்காதீங்க, பெரியவங்க எல்லாருமே "எனக்கு எதுவா இருந்தாலும் பரவாயில்லப்பா"ன்னுதான் சொல்வாங்க. தனித்தனியா கேளுங்க, அப்பதான் அம்மா "எனக்கு கிச்சன்ல உட்கார்ந்து நறுக்கற மாதிரி 30 இன்ச் உயரத்துல ஒரு மேடை இருந்தா நல்லாருக்கும்"னு மெதுவா சொல்வாங்க.

கடைசியா ஒரு வேலை, அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாடி ஏதாவது ஒரு காலி இடத்துல சுண்ணாம்புத் தூளால கீழ்த்தள பிளானை நிஜ அளவுல கோடு போட்டு, ஒரு வீல்சேரை வாடகைக்கு எடுத்துட்டு வந்து கட்டிலுக்கு குறிச்ச இடத்துலேர்ந்து பாத்ரூம் வரைக்கும் தள்ளிப் பாருங்க. நாங்க இதைச் செய்யல. அந்த 24 இன்ச் கதவை அப்புறமா உடைச்சு அகலமாக்கிட்டோம், ஆனா படிக்கட்டு லேண்டிங் பீம் குறுக்க நிக்கறதால உயரத்தை ஒண்ணும் பண்ண முடியல. அப்பா இன்னும் தலையைக் குனிஞ்சுதான் உள்ள போறார்.