வண்டிக்குச் சார்ஜ் போடும் முன் ஈ.பி. கார்டைப் பாருங்கள்

மதுரையில் ஒயரிங் வேலை பார்க்கிறேன். மின்சார வண்டி வாங்கியவர்கள் பாயிண்ட் போடக் கூப்பிட்டால், முதலில் ஈ.பி. கார்டைத்தான் கேட்பேன். வண்டி எத்தனை யூனிட் இழுக்கும் என்பதைவிட, அந்த யூனிட் எந்த ஸ்லாபில், அதாவது எந்தக் கட்டணப் படியில், போய் விழுகிறது என்பதுதான் முக்கியம்.

ஸ்கூட்டரையே எடுத்துக்கொள்வோம். தினம் 25 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 50 யூனிட். 2022 செப்டம்பர் கட்டணத்தில் கணக்குப் போடுகிறேன். அப்புறம் கொஞ்சம் ஏறிவிட்டது, நீங்கள் புதுக் கட்டணத்தில் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே 300 யூனிட் ஓடும் வீட்டில் இந்த 50 யூனிட்டுக்கு 225 ரூபாய். 470 யூனிட் ஓடும் வீட்டில் 565 ரூபாய்! 500-ஐத் தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய் என்பதோடு முடிவதில்லை. 101 முதல் 200 வரை 2.25 ரூபாயாக இருந்ததும் 4.50 ஆகிவிடும். அதிலேயே 225 ரூபாய் போய்விடுகிறது.

அதனால் ரீடிங் எடுத்த தேதியைக் குறித்து வைத்து, ஒன்றரை மாதத்தில் மீட்டரை நீங்களே பாருங்கள். 500-ஐ நெருங்கினால் ஏசியைக் கொஞ்சம் குறையுங்கள். அலுவலகத்தில் சார்ஜ் வசதி இருந்தால் அந்த இரண்டு வாரம் அங்கே போடுங்கள். கார் என்றால் பெரும்பாலும் 500 தாண்டும். அப்போதும் பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் லாபம்தான்.

ஒயரிங்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கார் சார்ஜர் மணிக்கணக்கில் 3 கிலோவாட் இழுக்கும். மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர், லோடு மீறினால் தானே அணையும் தனி எம்.சி.பி., கரண்ட் கசிந்தால் அணைக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த், இவ்வளவும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடவே கூடாது, உருகிவிடும். உங்கள் இணைப்புக்கு அனுமதித்த லோடு (எத்தனை கிலோவாட் என்பது) போதுமா என்றும் கார்டில் பாருங்கள்.

எந்த நேரத்தில் போடுவது? சாதாரண வீட்டு மீட்டருக்கு எல்லா நேரமும் ஒரே விலைதான். ஆனாலும் மாலை 6 முதல் 10 வரை வேண்டாம். வெயில் இறங்கி சோலார் நின்றுபோகும் நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் விளக்கும் ஏசியும் ஓடும். அப்போது மின்வாரியம் மின்சாரம் வாங்கும் சந்தையில் ஒரு யூனிட் உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடுவதுண்டு. நண்பகலில் அதைவிட வெகு மலிவு. வாரியம் அதிக விலைக்கு வாங்கினால் அது கடைசியில் நம் கட்டணத்தில்தான் வந்து நிற்கும். ஆகவே டைமரை இரவு 11 மணிக்கு வையுங்கள். வண்டி பகலில் வீட்டில் நிற்குமானால் நண்பகலே நல்லது. எந்த நேரத்தில் எத்தனை யூனிட் என்று பதியும் ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்கு வெயில் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் கட்டணம் குறைய வேண்டும் என்று 2023-இல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த மீட்டர் மாட்டியதும் டைமரைப் பகலுக்கு மாற்றலாமா என்று பில்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.