ஒரே ‘கட்’, எத்தனை அர்த்தம்? மீன் மார்க்கெட்டிலிருந்து தொடங்குவோம்

ஆங்கிலத்தில் ‘கட்’ (cut) என்றால் வெட்டு என்று எழுதி வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். அப்புறம் கட் ஆஃப், கட் டவுன் என்று வந்தால் தடுமாற்றம்தான். அகராதி வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டாம். நம் ராமநாதபுரம் கரையில் நடப்பதை வைத்தே இதைப் பிடித்துவிடலாம்.

முதல் படி: பாம்பனோ மண்டபமோ, மீன் வெட்டிக் கொடுப்பவர் பக்கத்தில் நின்று கையைக் கவனியுங்கள். தலையைத் தனியாக எடுக்கிறார்: கட் ஆஃப். வயிற்றைக் கீறுகிறார்: கட் ஓப்பன். செவுளை உள்ளிருந்து அறுத்தெடுக்கிறார்: கட் அவுட். உடலைத் துண்டு போடுகிறார்: கட் அப். தமிழில் நாம் கீறு, அறு, நறுக்கு என்று வினையையே மாற்றிவிடுவோம். ஆங்கிலம் வினையை அப்படியே விட்டுவிட்டு, வாலில் இருக்கும் சின்னச் சொல்லை மாற்றுகிறது. அதனால் வாலைப் பாருங்கள். செதில் சீவுவதற்கு மட்டும் ‘கட்’ வராது. அதற்கு ‘ஸ்கேல்’ என்று தனி வினை இருக்கிறது.

இரண்டாம் படி: இனி கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயில் பாதை அழிந்தது, பாம்பன் பாலமும் உடைந்தது. ‘தனுஷ்கோடி வாஸ் கட் ஆஃப்’ என்றால் ஊருக்கு வெளித்தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். தலை உடம்பை விட்டுப் பிரிந்ததே, அதே பிரிவுதான் இங்கேயும். போன் பேச்சு பாதியில் அறுந்தால் ‘வி வேர் கட் ஆஃப்’. நாமே போனை வைத்தால் அது ‘ஹேங் அப்’. நாம் சொல்கிற ‘கட் பண்ணு’ அங்கே பொருந்தாது. கவுன்சலிங் கட் ஆஃப் மார்க்கும் இதே குடும்பம்: கோட்டுக்கு மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கம் என்று பிரிக்கிறது.

மூன்றாம் படி, குறைப்பது. பிரஷர் இருக்கிறவரிடம் டாக்டர் ‘கட் டவுன் ஆன் கருவாடு’ என்றால் அளவைக் குறைக்கச் சொல்கிறார். ‘கட் அவுட் கருவாடு’ என்றால் அடியோடு நிறுத்த வேண்டும். வால் மாறினால் சாப்பாடே மாறிவிடும், இதில் கவனம் வேண்டும். நடுக்கடலில் விசைப்படகு இன்ஜின் தானாக நின்றுபோனாலும் ‘தி இன்ஜின் கட் அவுட்’தான். ஆனால் அங்கே பின்னால் எந்தப் பொருளும் வராது. இரண்டையும் பிரித்தறிய அதுவே அடையாளம்.

கடைசிப் படி, காலம். கட், கட், கட்: மூன்று வடிவமும் ஒன்றே, ‘கட்டட்’ என்று சொல்லவே கூடாது. ‘ஹி கட்ஸ் தி நெட்’ என்றால் வலையை அறுக்கிறார். அந்த ‘ஸ்’ இல்லாமல் ‘ஹி கட் தி நெட்’ என்றால் அறுத்துவிட்டார். சரி, இப்போது உங்கள் வீட்டில் இன்று நடந்ததை வைத்து, ஒவ்வொரு வாலுக்கும் ஒரு வாக்கியம் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.